37 யூனிட் பூதம்

ஜெர்மனியில் குளிர்காலம் வந்தால் ஒரு பூதம் கிளம்பிவிடும். அதன் பெயர் ஹீட் பம்ப். "கரண்ட்டைக் குடிச்சே குடும்பத்தைக் காலி பண்ணிடும்" என்று ஒரு கூட்டம் வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கிறது. பத்திரிகை சொல்கிறது. அரசியல்வாதி சொல்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். ஃப்ராங்க்ஃபர்ட்டிலும் மூனிக்கிலும் பிள்ளைகளைக் குடிவைத்திருக்கும் நம்ம ஊர் அப்பா, அம்மாக்கள் வரைக்கும் வாட்ஸ்அப்பில் இந்தச் சேதி வந்து சேர்ந்துவிடுகிறது. "அந்த மெஷின் இருக்கிற வீட்டுக்கு மட்டும் குடி போயிடாதேடா!"

முழுப் பொய் என்றால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். இது பாதி உண்மை. அதனால்தான் இத்தனை பேரை ஏமாற்ற முடிகிறது.

முதலில் இது என்ன மெஷின்? உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் பின்பக்கத்திலோ பக்கவாட்டிலோ கையை வைத்துப் பாருங்கள். சுடும். உள்ளே இருக்கிற கத்தரிக்காயிலிருந்தும் மோரிலிருந்தும் சூட்டை உறிஞ்சி வெளியே தள்ளுகிறது ஃப்ரிட்ஜ். ஹீட் பம்ப் செய்வதும் அதே வேலைதான். தோட்டத்தில் நம்ம ஏ.ஸி.யின் அவுட்டோர் பெட்டி மாதிரி ஒன்று இருக்கும். அது வெளிக்காற்றிலிருந்து சூட்டை எடுத்து, வீட்டுக்குள் ஓடும் தண்ணீருக்குக் கொடுக்கும். அந்தத் தண்ணீர் ரேடியேட்டர்களிலோ, தரைக்கு அடியில் பதித்த குழாய்களிலோ சுற்றி வீட்டைக் கதகதப்பாக்கும். காற்றிலிருந்து தண்ணீருக்கு. அவ்வளவுதான் விஷயம்.

"மைனஸ் 10 டிகிரிக் காற்றில் ஏது சார் சூடு?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. பெட்டிக்குள் ஓடும் திரவம் அந்தக் காற்றைவிடவும் குளிர்ச்சியாக இருக்கிறதே! அதற்கு மைனஸ் 10 என்பதே வெயில் மாதிரி. சூட்டை வாங்கிக்கொண்டு ஆவியாகும். கம்ப்ரஸர் அந்த ஆவியைப் பிடித்து நசுக்கும். நசுக்கினால் சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுகிறதே, அதே சங்கதி.

இதில் கரண்ட் என்பது சுமைகூலி மட்டும்தான். சரக்கு, வெளியே சும்மா கிடக்கும் காற்றிலிருந்து வருகிறது. 1 யூனிட் கரண்ட் கொடுத்தால் ஏறக்குறைய 3 யூனிட் சூடு வீட்டுக்குள் வந்து இறங்கும். வாளியில் போடும் ஹீட்டர் ராடு 1 யூனிட்டுக்கு 1 யூனிட் சூடுதான் தரும்.

புதுக் கண்டுபிடிப்பும் கிடையாது. 1852-லேயே கெல்வின் இதற்கான யோசனையைச் சொல்லிவிட்டார். 1856-ல் ஆஸ்திரியாவில் ரிட்டிங்கர் என்பவர் உப்பு காய்ச்சுவதற்காக ஒன்றைக் கட்டினார். 1938-ல் ஸ்விட்சர்லாந்தின் ஜூரிச் நகர மன்றத்தை, பக்கத்தில் ஓடும் ஆற்றுத் தண்ணீரிலிருந்து சூடெடுத்துச் சூடாக்கினார்கள்.

சரி, அந்தப் பாதி உண்மை என்ன?

நம் ஊர்க் கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மேலே இருந்தால் இரண்டு இழுப்பில் வாளி வந்துவிடும். பாதாளத்துக்குப் போய்விட்டால் தோள் கழன்றுவிடும். வெளியே குளிர் ஏற ஏற, ஹீட் பம்ப்பின் கிணறு ஆழமாகிறது. 3 யூனிட் சூடு கொடுத்த இடத்தில் இரண்டரை, கடும் குளிரில் 2 என்று இறங்கும். அதே நாளில்தான் வீட்டுக்கும் அதிகச் சூடு வேண்டியிருக்கிறது. இரண்டு அடியும் ஒரே நேரத்தில் விழுகிறது. போதாக்குறைக்கு ஈரக்காற்றில் வெளிப்பெட்டியின் மேல் பனி படியும். அதைக் கரைப்பதற்கே கொஞ்சம் கரண்ட் போகும்.

ஆகவே ஜனவரியில் கரண்ட் நிறையச் செலவாகும். சத்தியமாக ஆகும். இதை மறைக்கிறவர் யாராக இருந்தாலும் அவரிடம் ஹீட் பம்ப் வாங்காதீர்கள்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். பயப்படாதீர்கள், எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

ஜெர்மனியில் ஒரு பழைய தனி வீடு. வருடத்துக்கு 18,000 யூனிட் சூடு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வருடச் சூட்டை 1,000 பங்காக்கி, எந்த மாதத்துக்கு எத்தனை என்று அங்கே ஒரு பட்டியலே வைத்திருக்கிறார்கள். வாடகைதாரர் நடுவில் காலி செய்தால் பில்லைப் பிரிப்பதற்காக. அதில் ஜனவரிக்கு மட்டும் 170 பங்கு. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்றுக்கும் சேர்த்தே 40 தான்!

அப்படியானால் ஜனவரிக்கு 3,060 யூனிட் சூடு. ஒரு நாளைக்குச் சுமார் 99. அந்த மாதத்தில் ஹீட் பம்ப் 1-க்கு 2.7 என்று வேலை செய்தால், ஒரு நாள் கரண்ட் 37 யூனிட்.

37 யூனிட்! தலை சுற்றுகிறதா? 2016-ல் நமக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அறிவித்தார்களே, அந்த 100 யூனிட் இங்கே மூன்று நாள்கூடத் தாங்காது. பூதம்தான். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இந்தப் பூதம் வருவதற்கு முன்னால் அந்த வீட்டுக்குள் இன்னொரு பூதம் இருந்ததே, அதை ஏன் யாரும் பேசுவதில்லை?

அது கேஸ் பாய்லர். அதே வீடு, அதே ஜனவரி, அதே 99 யூனிட் சூடு. பாய்லரில் பத்தில் ஒரு பங்கு வீணாகப் போகிறது என்று கொண்டால், ஒரு நாளைக்கு 110 யூனிட் கேஸ் எரிந்திருக்கும். அங்கே கேஸையும் யூனிட் கணக்கில்தான் பில் போடுகிறார்கள், அதனால் நேராகவே ஒப்பிடலாம். இந்தப் பக்கம் 37. அந்தப் பக்கம் 110. பூதம் எது?

110-ஐப் பார்த்து எவரும் அலறியதில்லை. ஏன் தெரியுமா? யாரும் பார்த்ததே இல்லை! ஜெர்மனியில் கேஸ் பில் வருடத்துக்கு ஒரு முறைதான் கணக்குத் தீர்ப்பார்கள். மாதா மாதம் போவது ஒரே அளவுத் தவணை. ஜனவரியிலும் அதே தொகை, ஜூலையிலும் அதே தொகை. மீட்டர் பெரும்பாலும் நிலவறையில் எங்கோ ஒரு மூலையில் கிடக்கும். பாய்லர் சத்தமில்லாமல் தின்றுகொண்டிருக்கும்.

ஹீட் பம்ப் அப்படி இல்லை. கூடவே போனில் ஒரு ஆப் வந்துவிடுகிறது. காலையில் பல் தேய்க்கும்போதே, நேற்று எத்தனை யூனிட் என்று காட்டுகிறது. அதைப் பழைய கரண்ட் பில்லோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார் வீட்டுக்காரர். முன்னே லைட், டி.வி., வாஷிங் மெஷினுக்கு நாளைக்கு 8, 10 யூனிட் ஆன வீட்டில் இப்போது 45. "ஐயோ, நாலு மடங்கு!" கேஸ் பில் பூஜ்யமாகிவிட்டது என்பது அந்த நேரத்தில் ஞாபகத்துக்கே வருவதில்லை. வாசலில் நின்று கேட்கிற கடன்காரனைத் திட்டுகிறோம். பேங்க்கிலேயே பிடித்துக்கொள்கிறவனை மறந்துவிடுகிறோம்.

"யூனிட் கணக்கு இருக்கட்டும் ஐயா, காசுக் கணக்கைச் சொல்லு" என்றால், அதையும் சொல்கிறேன். 2024, 2025-ல் ஜெர்மனியில் வீட்டுக் கரண்ட் யூனிட்டுக்கு ஏறக்குறைய 40 சென்ட். கேஸ் சுமார் 12 சென்ட். வருடக் கணக்கில், நம் உதாரண வீட்டுக்குக் கேஸ் 20,000 யூனிட், 2,400 யூரோ. ஹீட் பம்ப் சராசரியாக 1-க்கு 3.1 கொடுத்தால் 5,800 யூனிட், 2,320 யூரோ. ஏறத்தாழச் சமம். ஹீட் பம்ப்புக்கென்றே தனி ரேட் வாங்கி, யூனிட் 28 சென்ட் என்று அமைந்தால் 1,624 யூரோ. சுளையாக 776 யூரோ மிச்சம்.

ஜனவரியை மட்டும் தனியாகப் பிரித்தால்? 40 சென்ட் ரேட்டில் ஹீட் பம்ப் ஒரு நாளைக்கு 14 யூரோ 80 சென்ட். கேஸ் 13 யூரோ 20 சென்ட். ஆமாம், அந்த ஒரு மாதத்தில் ஹீட் பம்ப் தோற்கிறது. தினம் ஒன்றரை யூரோவில். இதுதான் அந்தப் பூதத்தின் முழு உயரம்.

இந்த 3.1 எந்தக் கம்பெனியும் தன் விளம்பரத்தில் போட்டுக்கொண்டது அல்ல. ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் ஆராய்ச்சி நிலையம், குடியிருக்கும் பழைய வீடுகளில் மீட்டர் வைத்து அளந்து 2020-ல் வெளியிட்ட சராசரி. 2025-ல் அவர்களே வெளியிட்ட அடுத்த ஆய்வில் அது 3.4 ஆகியிருந்தது. ஹீட் பம்ப்புக்குள் அவசரத்துக்கு ஒரு ஹீட்டர் ராடு இருக்கும். குளிர் வந்தாலே அதுதான் ஓடிக்கொண்டிருக்கும், அதனால்தான் பில் எகிறுகிறது என்பது எதிர்ப்பாளர்களின் பிரம்மாஸ்திரம். அளந்து பார்த்தால், மொத்தக் கரண்ட்டில் அதன் பங்கு சராசரியாக 100-க்கு 2-கூட இல்லை.

இனி உண்மையான கேள்விக்கு வருவோம். கரண்ட் 40 சென்ட், கேஸ் 12 சென்ட் என்று எழுதிவைத்தது யார்? கடவுளா?

அரசாங்கம். கரண்ட்டுக்கு யூனிட்டுக்கு 2.05 சென்ட் வரி. கேஸுக்கு அதே மாதிரியான வரி 0.55 சென்ட். காற்றாலைக்கும் சூரிய மின்சாரத்துக்கும் ஆன மானியச் செலவை 2022 ஜூலை வரை கரண்ட் பில்லில்தான் ஏற்றினார்கள். 2017-ல் அது மட்டுமே யூனிட்டுக்கு 6.88 சென்ட். கேஸ் எரித்துப் புகை விட்டவர் அதில் ஒரு பைசா கட்டவில்லை. சூழலைக் காப்பாற்றுகிற செலவை, சூழலுக்கு நல்லதான பொருளின் விலையிலேயே கட்டிவிட்டு, "ஏன் மக்கள் மாற மாட்டேன் என்கிறார்கள்?" என்று கமிட்டி போட்டு ஆராய்வது நம்ம ஊரில் மட்டும்தான் நடக்கும் என்று நினைத்தேன்.

2025-ல் வந்த புதிய கூட்டணி அரசு, கரண்ட் வரியை எல்லோருக்கும் குறைப்போம் என்று உடன்படிக்கையில் எழுதியது. அந்த வருடமே தொழிற்சாலைக்கும் விவசாயத்துக்கும் குறைத்துவிட்டு, வீடுகளை நைசாகக் கழற்றிவிட்டார்கள். காசு இல்லையாம். அதே உடன்படிக்கையில், முந்தைய அரசின் ஹீட்டிங் சட்டத்தை ஒழிப்போம் என்றும் ஒரு வாக்குறுதி. முதலில் கரண்ட் விலையை இறக்க மாட்டார்கள். பிறகு, கரண்ட் விலை அதிகம், அதனால் ஹீட் பம்ப் சரிப்படாது என்பார்கள். அடித்துவிட்டு அழவும் விடாத கதை இது.

அந்தச் சட்டத்தின் கதை என்ன? 2022-ல் ரஷ்யா கேஸ் குழாயை மூடியபோது ஜெர்மனி நடுங்கிப்போனது. அதற்கு முந்தைய வருடம் அவர்கள் இறக்குமதி செய்த கேஸில் பாதிக்கு மேல் ரஷ்யாவுடையது. அந்தப் பின்னணியில் அமைச்சர் ராபர்ட் ஹாபெக், இனி புதிதாகப் பொருத்தும் ஹீட்டிங் 65 சதவிகிதம் புதுப்பிக்கத்தக்க சக்தியில் ஓட வேண்டும் என்று ஒரு சட்டம் தயாரித்தார். 2023 பிப்ரவரி கடைசியில் அதன் வரைவு கசிந்தது. 'பில்ட்' பத்திரிகை அதற்கு 'ஹீட்டிங் சுத்தியல்' என்ற அர்த்தத்தில் ஒரு பெயர் வைத்து மாதக்கணக்கில் அடித்தது. வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் பாய்லரைப் பிடுங்க வருகிறார்கள் என்கிற பயம் நாடு முழுக்கப் பரவியது. புதிதாகப் பொருத்தும்போதுதான் இந்த விதி என்று மக்கள் காதில் விழுவதற்குள் காரியம் கெட்டுவிட்டது. ஹாபெக் பக்கமும் தப்பு உண்டு. மானியம் எவ்வளவு, யாருக்கு என்று சொல்லாமல் சட்டத்தை மட்டும் முதலில் நீட்டினால் ஜனங்கள் பயப்படாமல் என்ன செய்வார்கள்?

விளைவு? அந்த 2023-ல் ஜெர்மனியில் விற்ற ஹீட் பம்ப் 3 லட்சத்து 56 ஆயிரம். கேஸ் பாய்லர் 7 லட்சத்து 90 ஆயிரம்! சட்டம் வருவதற்குள் வாங்கிப் போட்டுவிட வேண்டும் என்று அடித்துப் பிடித்துக்கொண்டு வாங்கினார்கள். அடுத்த வருடம் ஹீட் பம்ப் விற்பனை 1 லட்சத்து 93 ஆயிரத்துக்கு விழுந்தது. ஒரு பாய்லர் 20 வருடம் ஓடும். அன்று பயந்து வாங்கியவர்கள் 2040-களிலும் கேஸுக்கு வரிசையில் நிற்பார்கள். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவர்கள்.

எதிர்ப்பாளர்களைத் திட்டியாயிற்று. விற்கிறவர்களை விட்டுவிடலாமா?

விளம்பரத்தில், 1-க்கு 4, 1-க்கு 5 என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்களே, அது எப்போது அளந்தது? வெளியே 7 டிகிரி, தண்ணீர் 35 டிகிரி என்று ஆய்வுக்கூடத்தில் அளந்தது. ஜனவரி இரவில் மைனஸ் 7 டிகிரியில், பழைய ரேடியேட்டருக்கு 55 டிகிரித் தண்ணீர் அனுப்பும்போது அந்த எண் எங்கே போகும் என்று பொடி எழுத்தில்கூட இருக்காது. இப்படி 5 என்று கேட்டு வாங்கியவர் ஜனவரியில் 2-ஐப் பார்த்தால் ஏமாற்றிவிட்டான் என்றுதான் கத்துவார். அவர் கத்தினால் பத்து பேர் வாங்க மாட்டார்கள்.

பொருத்துகிறவர் செய்யும் வேலை இன்னும் மோசம். குளிருது என்று கஸ்டமர் மறுபடி போன் பண்ணக்கூடாது என்பதற்காகவே, தண்ணீரின் சூட்டைத் தாராளமாக ஏற்றி வைத்துவிட்டுப் போய்விடுகிறவர்கள் உண்டு. தண்ணீரின் சூட்டை ஒவ்வொரு டிகிரி குறைக்கும்போதும் கரண்ட் செலவு சுமார் 2 முதல் 2.5 சதவிகிதம் இறங்கும். 55-ல் இருப்பதை 45-க்குக் கொண்டுவந்தால் பில்லில் ஐந்தில் ஒரு பங்கு குறையும். அதற்குப் பெரும்பாலும் வீட்டையே இடிக்க வேண்டாம். இரண்டு, மூன்று அறைகளில் ரேடியேட்டரைப் பெரிதாக மாற்றினால் போதும். சில வீடுகளில் அதுகூட வேண்டாம், செட்டிங்கை மாற்றினாலே போதும். பல ஆயிரம் யூரோ கொடுத்து மெஷின் வாங்கிவிட்டு, அதைச் சரியாக முடுக்கித் தருவதற்கு இரண்டு மணி நேரக் கூலி கொடுக்க யோசிப்பது, யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுவது.

கடைசியாக ஒரு வாதம் வரும். "குளிர்காலத்தில் வெயிலும் இல்லை, சில நாள் காற்றும் இல்லை. அப்போது கரண்ட் கேஸை எரித்துத்தானே வருகிறது? பிறகென்ன புண்ணியம்?" நல்ல கேள்வி. 2024 டிசம்பர் 12-ம் தேதி அப்படி ஒரு நாள். ஜெர்மன் மின்சந்தையில் ஒரு மணி நேரத்தின் மொத்த விலை யூனிட்டுக்கு 90 சென்ட்டைத் தாண்டியது. ஆனாலும் கணக்கு என்ன சொல்கிறது பாருங்கள். 100 யூனிட் கேஸை மின்நிலையத்தில் எரித்தால் 50 யூனிட் கரண்ட். ஹீட் பம்ப் குளிர் நாளில் இரண்டரை மடங்கு கொடுத்தால் 125 யூனிட் சூடு. வழியில் கொஞ்சம் இழப்பு போனாலும் 115-க்குக் குறையாது. அதே 100 யூனிட் கேஸை வீட்டுப் பாய்லரில் எரித்தால் 90, மிஞ்சிப்போனால் 95. ஆக அப்படிப்பட்ட நாளில், முழுக் கரண்ட்டும் கேஸிலிருந்தே வந்தாலும், ஹீட் பம்ப் வீட்டுக்குக் கேஸ் குறைவாகத்தான் செலவாகிறது.

குளிர்நாட்டுக்கு லாயக்கில்லை என்பவர்களுக்கு ஒரு வரி: ஐரோப்பாவில் வீட்டுக்கு வீடு ஹீட் பம்ப் அதிகமாக இருப்பது நார்வே, ஸ்வீடன், ஃபின்லாந்தில். அங்கே பெரும்பாலும் அறைக்காற்றை நேராகச் சூடாக்கும் ரகம், தண்ணீர் ரகம் குறைவு. ஆனால் சூட்டை எடுப்பது ஜெர்மனியைவிடக் குளிர்ந்த காற்றிலிருந்து.

நியாயமாகக் கவலைப்பட வேண்டிய ஒரு கூட்டம் உண்டு. வாடகைக்குக் குடியிருப்பவர்கள். ஜெர்மனியில் மக்கள்தொகையில் பாதிக்கு மேல் அவர்கள்தான். எந்த மெஷின் என்று முடிவு செய்வது வீட்டுக்காரர். அதற்கு 2024 முதல் 70 சதவிகிதம் வரை மானியம் கிடைக்க வழி செய்தார்கள், அதுவும் சொந்த வீட்டில் குடியிருப்பவருக்குத்தான் அந்த உச்ச அளவு. மாதா மாதம் கரண்ட்டுக்குக் கட்டப்போவது குடித்தனக்காரர். மட்டமான மெஷினைத் தப்பாகப் பொருத்திவிட்டு வீட்டுக்காரர் ஒதுங்கிக்கொண்டால், ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு உட்காரப்போவது ஒரு பென்ஷன் பாட்டி. பூதம் பூதம் என்று கத்துகிற யாராவது இந்தப் பாட்டிக்காகச் சட்டம் கேட்டார்களா? பொருத்திய பிறகு ஒரு குளிர்காலம் முழுக்க அளந்து காட்டு, சொன்ன எண் வரவில்லை என்றால் சரிசெய்து கொடு என்று ஒரு விதி போட எத்தனை நாள் ஆகும்?

"நமக்கென்ன, மாசி போனால் ஃபேன் போடுகிற ஊர்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இன்டக்‌ஷன் அடுப்பு வாங்கினால் இ.பி. பில் எகிறிவிடும் என்று நம் வீடுகளிலும் இதே பேச்சுதான். பில் ஏறும், நிஜம். சிலிண்டர் எத்தனை நாள் கூடுதலாக வந்தது என்று காலண்டரில் யாராவது குறித்துவைத்தோமா? ஒரு பக்கத்துச் செலவை மட்டும் பார்த்துக் கூட்டுவது ஜெர்மன்காரர்களுக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை.

ஜெர்மனியில் இருக்கிற உங்கள் பிள்ளை ஹீட் பம்ப் வீடு பார்த்திருப்பதாகச் சொன்னால் பயமுறுத்தாதீர்கள். மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். போன வருடம் முழுக்க எத்தனை யூனிட் ஆனது? ஹீட் பம்ப்புக்குத் தனி ரேட் உண்டா? கடும் குளிர் நாளில் ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீர் எத்தனை டிகிரி? மூன்றுக்கும் ஒழுங்காகப் பதில் வந்தால் பெட்டியைக் கட்டலாம். பதில் வரவில்லை என்றால் வேறு வீடு பார்க்கட்டும். கேஸ் பாய்லர் வீடு என்றால், ஜனவரியில் ஒரு நாளாவது நிலவறைக்குப் போய் அந்த மீட்டரை எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.